உப்பு கேட்டவனும் பட்டு கேட்டவளும்

1

என் சொந்த ஊரான உத்திரமேரூருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் என் மகள் எனக்கு வாய்ப்பூட்டு போட்டாள். "அப்பா, எந்த நாட்டுக்குப் போவது என்பதை லில்லாதான் முடிவு செய்வாள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அரை வார்த்தையும் கூடாது." ஒரு வார்த்தைதானே கூடாது, அரை வார்த்தை சொல்லலாமே என்று நான் கணக்குப் போடுவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

லில்லா அவளுடைய மகள், என் ஒரே பேத்தி. இருபது வயது. நாங்கள் இருப்பது ஹங்கேரியின் தெற்கே ஸெகெட் என்ற ஊரில், டிஸா ஆற்றங்கரையில். வெள்ளம் வருகிற ஆறு. அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, லில்லா ஆறு, ஏரி, கால்வாய் பற்றிய படிப்பை எடுத்திருக்கிறாள். அந்தப் படிப்பில் ஓராண்டு வெளிநாட்டில் இருந்தாக வேண்டும். மூன்று இடங்கள் கொடுத்திருந்தார்கள்: பின்லாந்து, ஸ்பெயின், சென்னை. பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். கடைசி நாள், லில்லாவும் நானும் உத்திரமேரூரில் இருக்கப்போகிற இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.

நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். அவள் சென்னையை அழுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்ட கையோடு மனதுக்குள் மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். குடிநீர், வெயில், மருத்துவமனை, தனியாகத் தெருவில் நடப்பது, படித்த மொழி பிற்பாடு வேலைக்கு உதவுமா என்று ஐந்து தலைப்பு, தலைப்புக்கு இருபது. பின்லாந்து முதலாவதாக வந்தது. சென்னை கடைசி. இரண்டாவது தடவை கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். அப்போதும் கடைசி. கொசு என்று ஒரு தலைப்பைச் சேர்க்காமல் விட்டேன், அதுவே நான் காட்டிய ஓரவஞ்சனை.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கிழவனுக்காகப் பரிதாபப்பட்டு அவள் சென்னையை அழுத்திவிட்டால்? ஓராண்டு முழுவதும் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டு, தாத்தாவை மனதுக்குள் திட்டிக்கொண்டு இருப்பாளே. வேறு நாட்டை அழுத்தினால் எனக்கு வருத்தம். சென்னையை அழுத்தினால் எனக்குச் சந்தேகம். இந்த இரண்டையும் தூக்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

2

நான் என் நாட்டைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

சென்னையில் முதுகலை வேதியியல் முடித்திருந்தேன். ஓராண்டு வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் நாடுகளின் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு நாட்டின் விண்ணப்பத்துக்கும் ஒரு வரிசை. நான் வரிசைகளில் நின்ற தலைகளை எண்ணினேன். ஹங்கேரி வரிசையில் இரண்டு பேர். அதில் ஒருவர் வரிசை மாறி நின்றவர், விசாரித்துவிட்டுப் போய்விட்டார். நான் நின்றேன். அவ்வளவுதான். அந்த நாட்டுக்குக் கடல் இல்லை என்பதுகூட எனக்குத் தெரியாது. ஓராண்டுக்கு என்று போனேன், நாற்பத்தெட்டு ஆண்டு ஆகிவிட்டது.

அவர்கள் மொழிக்கு நாற்பத்துநான்கு எழுத்து என்று ஒரு கையேட்டில் படித்தேன். நமக்கு இருநூற்று நாற்பத்தேழு. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லையே, ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். போன பிறகுதான் வேற்றுமை உருபுகளைப் பார்த்தேன். நமக்கு எட்டு வேற்றுமை, அங்கே பதினெட்டு. அதற்கும் மேல் என்பாரும் உண்டு, அவர்கள் இலக்கணக்காரர்களுக்கே கணக்கு ஒத்துவரவில்லை. ஆனால் ஒரு சந்தோஷம் இருந்தது. உருபுகள் நம்முடையவை மாதிரியே சொல்லுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன. வீடு என்றால் ஹாஸ், வீட்டில் என்றால் ஹாஸ்பன். அப்பாவுக்கு அவர்கள் சொல் 'அப்ப'. இதெல்லாம் தற்செயல் என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். குளிர்காலத்தில் தனியாக இருக்கும் இருபத்துமூன்று வயதுப் பையனுக்குத் தற்செயலும் ஒரு துணைதான்.

அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு அந்த ஓராண்டில் பதினொரு முறை போயிருப்பேன். முத்திரை இல்லை, முத்திரை மங்கல், முத்திரை பக்கம் மாறிவிட்டது. ஆனால் அந்த அலுவலகத்துக்கு நான் ஒரு விஷயத்தில் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்குப் போன நம்மவர்கள் பெயரால் பட்ட பாட்டை அறிவேன். அப்பா பெயர் எது, உன் பெயர் எது, ஏன் முன்னால் எழுதுகிறாய் என்று குடைவார்கள். ஹங்கேரியில் குடும்பப் பெயரை முன்னால் எழுதித் தன் பெயரைப் பின்னால் எழுதுவதுதான் வழக்கம். நடேசன் ஏகாம்பரம் என்று நான் சொன்னதும், அந்த அம்மாள் தலை நிமிராமல் அப்படியே எழுதிக்கொண்டார். அப்பா முன்னால், நான் பின்னால். எங்கள் வீட்டில் நாங்கள் நடந்துபோகிற வரிசையே அதுதான்.

3

நம் பக்கத்து நாக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ழகரத்தை யகரமாக்குவோம். ஷகரத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டோம். கஷ்டம் நமக்குக் கஸ்டம், வருஷம் வருசம். எழுதும்போது திருந்திய நான், பேசும்போது இன்றுவரை முழுதாகத் திருந்தவில்லை. என் மகள் பெயர் ஆக்னேஷ். நான் ஆக்னேஸ் என்றுதான் கூப்பிடுகிறேன். பெற்ற மகளின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவன் அந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஹங்கேரிய மொழியில் 'ஷோ' என்றால் உப்பு. 'ஸோ' என்றால் சொல். போய் இறங்கிய முதல் வாரம், மாணவர் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் எனக்குக் கொடுத்த சூப்பில் உப்பு இல்லை. உப்பு வேண்டும் என்பதற்கு 'ஷோத் கேரெக்' என்று ஏழெட்டுத் தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, பயத்தை மறைக்க வேண்டுமே என்று உரக்கவே சொன்னேன். வாயில் வந்தது 'ஸோத் கேரெக்'.

அதற்கு அர்த்தம், நான் பேச அனுமதி வேண்டும். கூட்டங்களில் எழுந்து நின்று சொல்கிற வாக்கியம் அது.

கரண்டிச் சத்தம் நின்றது. நூறு பேருக்கு மேல் இருப்பார்கள், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூலையில் இருந்த வயதான பேராசிரியர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு 'தெஷ்ஷேக்' என்றார். சொல்லுங்கள் என்று பொருள். எனக்கு அப்போது தெரிந்த ஹங்கேரியச் சொற்கள் மொத்தம் ஆறு. எழுந்து நின்றேன். மதியம் ஒரு மணிக்குக் காலை வணக்கம் சொன்னேன். பிறகு நன்றி சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன். கூடமே கை தட்டியது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண், கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, உப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். அவள் பெயர் இலோனா. நாற்பத்தோரு ஆண்டுகள் என்னோடு குடித்தனம் செய்துவிட்டு, ஐந்தாண்டுகளுக்கு முன் போய்விட்டாள்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் இலோனா இந்தக் கதையைச் சொல்வாள். லில்லாவுக்கு மனப்பாடம். அவர்கள் சிரிப்பதற்காகக் கேட்டார்கள். எனக்கு அதில் நன்றி சொல்ல வேறொன்று இருந்தது. நான் தப்பாகச் சொன்னதை அன்று யாரும் திருத்தவில்லை. முதலில் சாப்பிடுவதை நிறுத்தினார்கள், பிறகு காத்திருந்தார்கள். அந்த நாட்டைப் பற்றி எனக்குள்ள குறைகளைப் பட்டியல் போட்டால் நீளும், குளிர்கால இருட்டு ஒன்றே பல பக்கம். எல்லாவற்றையும் அந்த ஒரு நிமிடம் ஈடுகட்டிவிட்டது.

மகளிடம் தமிழ் நிலைக்கவில்லை. ஏழு வயதில், "பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் இப்படிப் பேசவில்லை" என்று நிறுத்திவிட்டாள். மிஞ்சியது எண்கள் மட்டும். எங்கள் அடுக்ககத்தில் மின்தூக்கி இல்லை, அறுபத்தெட்டுப் படி. கையைப் பிடித்துக்கொண்டு பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டே ஏறுவோம். பின்னால் லில்லாவும் அதே படிகளில் அதே எண்களைக் கற்றாள். ஆக நான் இரண்டு தலைமுறைக்குக் கொடுத்த தமிழ், ஒன்று முதல் பத்து வரை. இதை நினைத்து நான் புழுங்காத நாள் குறைவு.

4

உத்திரமேரூரில் நாங்கள் தங்கியது என் அக்கா மகன் குமார் வீட்டில். மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். மனைவி வள்ளி. தை மாதக் கடைசி, ஏரி தளும்ப நின்றது. லில்லா வந்த மறுநாளே குமாரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மதகு மதகாகப் பார்த்துவிட்டு வந்தாள். பாதிக்கு மேல் சைகையிலேயே பேசிக்கொண்டார்கள்.

தாத்தாவுக்கு ஹங்கேரியச் சொல் 'நாட்யப்ப'. பெரிய அப்பா என்று அர்த்தம். லில்லா என்னை அப்படிக் கூப்பிட்டதும் குமாருக்குக் குஷி வந்துவிட்டது.

"இன்னா மாமா, நாட்டியப்பான்றாளே? அங்க போயி இன்னா நாட்டியம் ஆடுனீங்க?"

"டேய், அது அவங்க பாஷைடா."

"ஆடி காட்டுங்க மாமா, வள்ளியும் பாக்கட்டும்."

குமாரை மாமா என்று கூப்பிட வேண்டும் என்று லில்லாவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மா. மீசை வைத்த அம்மா என்று அவனுக்கு அன்றே பெயர் வைத்துவிட்டாள். நான் மொழிபெயர்க்கவில்லை.

ஓராண்டு விஷயம் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தது.

"எந்தெந்த ஊரு மாமா?" என்றான் குமார்.

சொன்னேன். மூன்று பெயரையும் ஒரே குரலில், எதிலும் அழுத்தம் கொடுக்காமல். மகளுக்குக் கொடுத்த வாக்கு.

"மெட்ராஸா? நம்ம புள்ளைங்க அல்லாம் ஃபாரின் போறதுக்கு நாயா அலையுதுங்கோ, இது இன்னாடான்னா தலகீயா இங்க வரேன்னுது! இன்னா கீது இங்க? பாப்பா, நீ பின்லாந்துக்கே போ. ஐஸு, மானு, ஜாலியா இரு."

"நீ சும்மா கீயா?" என்றாள் வள்ளி. "மெட்ராஸ்னா ஞாயித்துக்கெயம ஆனா நம்ம வூட்டுக்கு வந்து ரெண்டு வாய் சோறு துன்னுட்டுப் பூடும். பின்லாந்துல யாரு வூடு கீது?"

"சோத்துக்கா படிக்கப் போவுது?"

"நீ இன்னாத்துக்குக் கடைக்குப் போற? சோத்துக்குத்தான?"

பேச்சு முடிகிற வழியாக இல்லை. கடைசியில் குமாரே வழி கண்டுபிடித்தான். "சீட்டு குலுக்கிப் போட்ரலாம். கோயில் செவுத்துலயே எய்தி வெச்சிக்கிற ஊரு நம்ம ஊரு. ஓலைல பேரு எய்தி கொடத்துல போட்டு ஆளுங்களயே எடுத்தாங்கோ. ஒரு நாட்ட எடுக்க முடியாதா?"

வள்ளி சொம்பு கொண்டுவந்தாள். மூன்று சீட்டில் நான்தான் ஹங்கேரிய எழுத்தில் எழுதினேன். மூன்றையும் ஒரே அளவில் நான்காக மடித்தேன். சென்னைச் சீட்டை மட்டும் கொஞ்சம் தளர மடிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மடிக்கவில்லை. லில்லா கண்ணை மூடிக் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள்.

பின்லாந்து.

"பாத்தியா!" என்று குமார் தொடையைத் தட்டினான். நானும் நல்லது நல்லது என்றேன். என் மதிப்பெண்ணும் அதைத்தானே சொன்னது. அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. லில்லா அந்தச் சீட்டை மறுபடி மடித்துத் தன் கைப்பேசி உறைக்குள் செருகிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் பாட்டிக்கும் அதே முகம்தான்.

5

சனிக்கிழமை காஞ்சிபுரம் போனோம். ஆக்னேஷுக்கு ஒரு பட்டு எடுக்க வேண்டும் என்றாள் லில்லா. வள்ளி உடன் வந்தாள். பேருந்தில் மூன்று பேருக்கும் இடம் கிடைத்ததா, தண்ணீர்ப் புட்டி இருக்கிறதா, கடவுச்சீட்டு நகல் பையில் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டே வந்தேன். லில்லா சன்னல் பக்கம் உட்கார்ந்து வள்ளியிடம் ஏதோ பாடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

கடையில் வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தோம். நான் பேச வாயெடுத்தேன். லில்லா என் முழங்கையைத் தொட்டு, நானே கேட்கிறேன் என்றாள்.

"வாம்மா, இன்னா பாக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு பத்து வேணும்," என்றாள் லில்லா.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "பத்தா?"

"ஆமா. நல்ல பத்து."

"டேய், மேல கீற பண்டலு அல்லாத்தையும் எறக்குடா! அம்மாக்கு மோர் சொல்லு!"

ஒவ்வொன்றாக விரிந்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, கத்திரிப்பூ. லில்லா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். இந்த ஊரில் இவ்வளவு பிரியமாகக் காட்டுகிறார்களே என்று அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. நான் ஏழு வரை எண்ணிவிட்டேன். எனக்கு விளங்கிவிட்டது. நாக்கை மடிக்கிற டகரம் அவர்கள் மொழியில் இல்லை. பட்டு என்று சொல்லப் போன அவள் நாக்கு, அறுபத்தெட்டுப் படிகளில் பழகிய வழியிலேயே போய்விட்டது. வாயைத் திறந்தேன். வள்ளி என் கையைக் கிள்ளினாள். "இரு மாமா, அது பேசிக்கினு கீது."

"கல்யாணத்துக்காம்மா? ஒரே கலரா, வேற வேறயா?"

"அம்மா," என்றாள் லில்லா. "ஒண்ணு."

"அம்மாக்கு ஒண்ணு. சரி. மீதி ஒம்போது?"

"ஒம்போது?" லில்லாவுக்கு எண்கள் தெரியுமே. விரலை விட்டு எண்ணினாள். ஒன்பது என்பது புரிந்தது. ஆனால் எதற்கு ஒன்பது? அப்போது வள்ளியால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, அது பத்து கேக்கல! பட்டு கேக்குது! பட்டு!"

கடைக்காரர் ஒரு நொடி விழித்தார். பிறகு விரித்த ஒன்பது புடவை மேலேயும் சாய்ந்து சிரித்தார். பத்தாவது பையன் கையில் இருந்தது, அவனும் அதைப் பிடித்தபடி சிரித்தான். லில்லாவுக்கு விஷயத்தை நான் ஹங்கேரியத்தில் சொன்னேன். அவள் அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, பிறகு எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள்.

"நாக்க மேல மடிச்சித் தட்டும்மா. பட்டு."

"பத்து."

"தட்டு."

"தத்து."

"பரவால்ல, விடாத. சட்டி."

"சத்தி."

பக்கத்தில் முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்த குடும்பமும் சேர்ந்துகொண்டது. கல்யாணப் பெண்ணே நாக்கை மடித்துக் காட்டினாள். எத்தனையாவது முறை என்று மட்டும் நான் எண்ணவில்லை. எண்ண மறந்துபோனேன். திடீரென்று அவள் வாயிலிருந்து, சுத்தமாக, சுத்தியால் தட்டினது மாதிரி வந்தது: "பட்டு."

கடையே கை தட்டியது. அரக்கு நிறத்தில் ஒன்று எடுத்தோம். கடைக்காரர் மோரை இரண்டாவது முறை கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வருகிற பேருந்தில் லில்லா கேட்டாள், நீ ஏன் ஹங்கேரியைத் தேர்ந்தெடுத்தாய் என்று. வரிசையில் ஆள் குறைவு என்றேன். "அவ்வளவுதானா? ஒன்றும் தெரியாமலா?" ஒன்றும் தெரியாமல்தான் என்றேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பட்டு, பத்து, பட்டு, பத்து என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கைப்பேசி உறைக்குள் பின்லாந்துச் சீட்டின் வெள்ளை ஓரம் தெரிந்தது.

6

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹங்கேரியில் நள்ளிரவு என்றால் இங்கே திங்கள் விடியற்காலை நாலரை. இன்னும் நேரமிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆக்னேஷ் கைப்பேசியில் கூப்பிட்டு, "ஏதாவது சொன்னீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அரை வார்த்தை?" அதுவும் இல்லை என்றேன். "நன்றி அப்பா" என்றாள்.

மத்தியானம் வள்ளி விரால் மீன் குழம்பு வைத்திருந்தாள். ஏரி மீன். எல்லாரும் தரையில் இலை போட்டு உட்கார்ந்தோம். இரண்டு கவளம் போயிருக்கும். லில்லா எழுந்து நின்றாள். என்னைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, சொன்னாள்:

"ஸோத் கேரெக்."

எனக்குக் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"இன்னா மாமா சொல்லுது?" என்றான் குமார்.

"ஏதோ பேசணுமாம்டா," என்றேன்.

குமார் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினான். வள்ளி கரண்டியைக் குழம்புச் சட்டியில் விட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். "சொல்லும்மா," என்றாள். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அத்தை," என்றாள் லில்லா. "உப்பு வேணும்."

குமார் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். "அட ஆமா! உப்பே இல்ல வள்ளி! நானும் இன்னாடா இதுன்னு துன்னுகினு கீறேன்!"

"அப்போ இன்னாத்துக்கு வாய மூடிக்கினு கீற? ஊமையா நீ?" என்று வள்ளி எழுந்து ஓடினாள். உப்பு ஜாடி வந்தது. லில்லா வாங்கிக்கொண்டாள். உட்காரவில்லை.

"இன்னும் ஒண்ணு வேணும்," என்றாள். வாக்கியத்தை முன்பே கட்டி வைத்திருக்கிறாள், அவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று தெரிந்தது. "எனக்கு ஒரு வருசம் வேணும். மெட்ராஸ்ல. அழுத்திட்டேன்."

அழுத்திட்டேன் என்பதை அயித்திட்டேன் என்றுதான் சொன்னாள். வள்ளி கொடுத்த சொல்.

குமார், "அடிப்பாவி, பின்லாந்து போச்சா!" என்றான். வள்ளி உப்புக் கையோடு அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நான் ஹங்கேரியத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: எனக்காகவா? லில்லா உட்கார்ந்து உப்பைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "இல்லை நாட்யப்ப. பின்லாந்தில் நான் என்ன சொன்னாலும் ஆங்கிலத்தில் சரியான பொருளைக் கொடுத்துவிடுவார்கள். நீ உப்பு கேட்டாய், பாட்டி வந்தாள். நான் ஒரு பட்டு கேட்டேன், பத்து வந்தது. எனக்கு இது பிடித்திருக்கிறது."

விடுதியில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதே கவலை தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் நிற்குமாமே. கொசுவலை கட்ட ஆணி அடிக்க விடுவார்களா? இன்று இதை எழுதும்போதும் அந்தக் கவலைகள் இருக்கின்றன, எண்ணி வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த இலைக்கு முன்னால் எனக்கு வேறொன்று தோன்றியது. வருசம் என்றாளே. ஷகரம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, அவள் அம்மா பெயரிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு நம் ஊர் மாதிரி வருசம் என்கிறாள். வருஷம் என்று திருத்த வாயைத் திறந்தேன்.

அந்த ஷகரம் என் நாக்கில் இருந்திருந்தால், அன்று எனக்கு உப்பு மட்டும்தான் கிடைத்திருக்கும்.

வாயை மூடிக்கொண்டேன். உப்பு ஜாடியைக் கொடு என்று கை நீட்டினேன்.